பிளாரென்ஸில் ஒரு நாள் நடை

வெளி தேசங்களுக்குப் போய் வருகிறவர்களில் இரு வகையினர் உண்டு. பார்க்க வேண்டியவை இன்னின்னவை என்று ஒரு ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியில் ஏறி, ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஜாபிதாவைத் தீர்த்துவிடுகிறவர்கள் ஒரு வகையினர். ஊருக்குள் கால் நோக நடந்து, அங்குள்ள கல்லையும் கடையையும் குழாயடியையும் கவனித்து, அந்த ஊரார் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் மற்றொரு வகையினர். முதல் வகையினருக்குப் படங்கள் மிஞ்சும். இரண்டாம் வகையினருக்குக் கால்வலியோடு கொஞ்சம் விவேகமும் மிஞ்சும்.

இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரம் இரண்டாம் வகையினருக்கென்றே அமைந்தது போன்றது. நகரம் முழுவதிலும் சுமார் 3,60,000 ஜனங்கள் வசிக்கிறார்கள். ஆயினும் சரித்திரப் புகழ் பெற்ற பழைய பகுதி பெரிதன்று. 1982-ஆம் வருஷத்தில் உலகப் பாரம்பரிய ஸ்தலமாக ஏற்கப்பட்ட அப்பகுதியின் விஸ்தீரணம் 505 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,250 ஏக்கர்தான். ஆர்னோ நதி அதை ஊடறுத்துச் செல்கிறது. பிரதான தேவாலயத்தைச் சுற்றியுள்ள சதுக்கத்தில் 2009 முதல் மோட்டார் போக்குவரத்து கிடையாது.

செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், நாமும் நம் மனைவியாரும், பன்னிரண்டு வயதுப் புதல்வியும் எட்டு வயதுப் புதல்வனுமாக, இருட்டும் வரையில் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு இந்நகரைச் சுற்றிப் பார்த்தோம். கண்டவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லுவது நம் நோக்கமன்று. அதற்கு வழிகாட்டிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஓர் ஊரார் தங்கள் முன்னோர் விட்டுச் சென்றதைப் பொதுச் சொத்தாகக் கருதிக் காத்தது எவ்வாறு, இன்று அதற்கு எந்தப் பக்கத்திலிருந்து அபாயம் வந்திருக்கிறது என்பவற்றையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஆற்றில் விழுந்த பாலம்

நாங்கள் தங்கியிருந்த இடம் நதியின் தென்கரையில் இருந்தது. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு ஸாந்தா திரினிதா என்னும் பாலத்தை அடைந்தோம். மூன்றே வளைவுகளில், இழுத்துக் கட்டிய வில்லைப் போல் ஆற்றைத் தாண்டி நிற்கும் அப்பாலம் பதினாறாம் நூற்றாண்டில் அம்மன்னாதி என்னும் சிற்பி கட்டியது. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு பருவங்களைக் குறிக்கும் சிலைகள் இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே நோக்கினால் 1345-இல் கட்டிய பழைய பாலமான பொன்ட்டெ வெக்கியோவும், அதன் மேல் வரிசையாக உள்ள பொற்கொல்லர் கடைகளும் தெரியும். ஆதியில் அங்கே இறைச்சிக் கடைகள் இருந்தன. 1593-இல் அரசர் கட்டளையிட்டு அவற்றை அகற்றிப் பொற்கொல்லரைக் குடியேற்றினார்.

பார்ப்பதற்கு நானூறு வருஷங்களாக அசையாமல் நிற்பது போல் தோன்றும் ஸாந்தா திரினிதா பாலம் உண்மையில் 1958-இல் மறுபடியும் கட்டப்பட்டதாகும். 1944 ஆகஸ்டு 3-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் விடிவதற்குள், பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியச் சேனை பிளாரென்ஸின் பாலங்களை வெடி வைத்துத் தகர்த்தது. பொன்ட்டெ வெக்கியோ ஒன்று மட்டும் தப்பியது. அதையும் எவரும் கடக்கலாகாதென்று அதன் இரு முனைகளிலும் இருந்த பழைய வீடுகளை இடித்துத் தள்ளினார்கள்.

யுத்தம் முடிந்ததும் நகரத்தார் புதிய மாதிரியில் ஒரு பாலம் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஆற்றில் விழுந்த கற்களைத் தேடி எடுத்தார்கள். போதாத கல்லுக்காக, பழைய கல் வெட்டிய போபோலிக் கல்லுடைப்பை மறுபடியும் திறந்தார்கள். பொருளுக்காக ஜனங்களிடம் நன்கொடை திரட்டினார்கள். முன்பிருந்தபடியே, முன்பிருந்த இடத்திலேயே பாலம் எழுந்தது. ஆனால் வசந்த காலத்தைக் குறிக்கும் சிலைக்கு மட்டும் தலை அகப்படவில்லை. பாலம் திறந்து மூன்று வருஷங்கள் கழித்து, 1961-இல், ஆற்றுப் படுகையைத் தோண்டியபோது அத்தலை கிடைத்தது. இதைக் கேட்ட நம் புதல்வன் அச்சிலையை மூன்று பக்கங்களிலிருந்தும் அண்ணாந்து பார்த்துக் கழுத்தில் ஒட்டு இருக்கிறதா என்று தேடினான். அவனை அங்கிருந்து அழைத்துச் செல்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

கம்பளிக்காரர் எழுப்பிய மாடம்

ஆற்றைக் கடந்து வடகரைத் தெருக்களில் நுழைந்தோம். இந்நகரத்தில் ஒரு விநோதமான வழக்கம் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள் உண்டு: கடைகளுக்குச் சிவப்பு எண், குடித்தன வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீல எண். ஆகவே 15 என்ற சிவப்பு எண்ணும் 15 என்ற கறுப்பு எண்ணும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பதுண்டு. குழந்தைகள் இருவரும் இதையே விளையாட்டாக்கி, ஒருவர் சிவப்பையும் மற்றவர் கறுப்பையும் எண்ணிக்கொண்டு வந்தார்கள். வழியில் ஒரு கடையில் நின்றபடியே காபி அருந்தினோம். உட்கார்ந்து அருந்தினால் விலை அதிகம் என்பது இத்தாலியில் பெரும்பாலும் உள்ள வழக்கம். நடந்து பார்க்க வந்தவர்களுக்கு நிற்பது கஷ்டமா?

மெர்க்காத்தோ நுவோவோ என்னும் மண்டபச் சந்தையில் வெண்கலக் காட்டுப்பன்றி ஒன்று அமர்ந்திருக்கிறது. அதன் மூக்கைத் தடவினால் மறுபடியும் பிளாரென்ஸுக்கு வரும் பாக்கியம் கிட்டும் என்பது நம்பிக்கை. தடவித் தடவி அம்மூக்கு பொன் போல் பளபளக்கிறது. குழந்தைகள் தங்கள் பங்குக்குத் தடவிக்கொண்டிருக்கையில், அம்மண்டபத்தின் மாடம் ஒன்றில் நிற்கும் வேறொரு சிலையை நாம் கவனித்தோம். அது மிக்கேலே தி லாந்தோ என்னும் கம்பளித் தொழிலாளியின் சிலை.

இதன் விருத்தாந்தம் அறியத்தக்கது. மத்திய காலத்துப் பிளாரென்ஸை ஆண்டவை தொழிற்சங்கங்களும் வர்த்தக சங்கங்களுமாம். கம்பளி வர்த்தகர், பட்டுத் துணியினர், லேவாதேவிக்காரர், கொல்லர், கல்தச்சர் என்று ஒவ்வொரு தொழிலாருக்கும் ஒரு சங்கம் உண்டு. ஆனால் கம்பளியைக் கழுவிச் சிக்கெடுக்கும் ஏழைக் கூலியாட்களுக்குச் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. 1378-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து நகர மாளிகையைக் கைப்பற்றினார்கள். மிக்கேலே தி லாந்தோ குடியரசின் தலைமைப் பதவியில் அமர்ந்தான். ஆனால் அவர்கள் பெற்ற உரிமைகள் நீடிக்கவில்லை. நான்கு வருஷங்களுக்குள் அவையெல்லாம் பறிக்கப்பட்டன. பிளாரென்ஸின் செல்வத்தில் பெரும் பகுதி கம்பளியிலிருந்து வந்ததென்பதையும், அக்கம்பளியைக் கையால் தொட்டவர்களுக்கு அதில் பங்கில்லாமல் போனதென்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டே இந்நகரத்தின் அழகைப் பார்க்க வேண்டும்.

பக்கத்திலுள்ள ஒர்ஸான்மிக்கேலே, தானியச் சந்தையாக இருந்து பின் தேவாலயமானது. அதன் வெளிச்சுவரில் உள்ள மாடங்களில் ஒவ்வொரு சங்கத்தாரும் தங்கள் காவல் முனிவரின் சிலையை நிறுத்தினார்கள். ஆயுதம் செய்வோர் டொனாடெல்லோவைக் கொண்டு செய்வித்த ஜார்ஜ் முனிவரின் சிலையும், கல்தச்சரும் மரத்தச்சரும் சேர்ந்து அமைத்த நான்கு வேத சாட்சிகளின் சிலைகளும் கலை உலகில் பிரசித்தமானவை. தெருவில் நடந்து போகிறவன் காசு கொடுக்காமல் காணும்படி அவற்றை நிறுத்தினார்கள் என்பதே விசேஷம். இப்பொழுது மழையும் புகையும் கெடுக்காமலிருக்க, அசல் சிலைகள் கண்காட்சி சாலைகளில் வைக்கப்பட்டு, மாடங்களில் பிரதிகள் நிற்கின்றன.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் திடீரென்று தெரு முடிந்து, ஸாந்தா மரியா தெல் பியோரே என்னும் மகா தேவாலயம் கண் முன் நிற்கிறது. 1296-இல் அஸ்திவாரமிட்ட இவ்வாலயத்தின் கட்டட வேலையைப் பிற்பாடு கம்பளிச் சங்கமே ஏற்று நடத்தியது. சுவர்கள் எழும்பின. ஆனால் சுமார் 45 மீட்டர் அகலமுள்ள நடுவிடத்தை எப்படி மூடுவதென்று எவருக்கும் தெரியவில்லை. தரையிலிருந்து சாரம் கட்டித் தாங்குவதென்றால் அவ்வளவு மரத்துக்கு எங்கே போவது? பொற்கொல்லத் தொழில் பயின்ற பிரூனெல்லெஸ்கி என்பார், அத்தகைய சாரமே இல்லாமல் கட்டுவதாக முன்வந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். செங்கற்களை மீன்முள் வரிசையாகப் பின்னி வைத்து, ஒவ்வொரு வளையமும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்படி செய்தார். எருதுகள் சுற்றும் யந்திரம் ஒன்றை அமைத்துக் கற்களை மேலே ஏற்றினார். 1420-இல் தொடங்கிய வேலை 1436-இல் முடிந்தது.

இரண்டு ஓடுகளுக்கும் இடையே 463 படிகள் ஏறினால் உச்சியை அடையலாம். முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொண்டு ஏறினோம். பாதி வழியில் மீன்முள் வரிசைச் செங்கற்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். உச்சியிலிருந்து பார்த்தால் நகரம் முழுவதும் ஒரே சிவப்பு ஓட்டுக் கூரையாகத் தெரிகிறது. மூச்சு வாங்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்ற நம் புதல்வி, “அப்பா, இவ்வளவும் யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டாள்.

கேள்வி சிறிது, பதில் பெரிது. இவ்வாலயத்தைக் கட்டுவதற்காக 1296-இல் ஏற்பட்ட ‘ஒப்பெரா’ என்னும் ஸ்தாபனம் ஏழு நூற்றாண்டுகள் கடந்தும் இன்று வரை இதைப் பராமரித்து வருகிறது என்று அப்பொழுதைக்குச் சொல்லிவைத்தோம். மீதிப் பதிலை அன்றைய நடையே சொல்லிற்று.

நகர மாளிகையின் வாசலில்

மத்தியானத்துக்குச் சற்று முன் ஸிக்னோரியா சதுக்கத்தை அடைந்தோம். 1299-இல் கட்டத் தொடங்கிய நகர மாளிகை அங்கே கோட்டையைப் போல் நிற்கிறது. இன்றும் நகரசபை அதில்தான் கூடுகிறது. 1498 மே 23-ஆம் தேதி ஸவனரோலா என்னும் துறவியைத் தூக்கிலிட்டு எரித்த இடம் இதுவென்று தரையில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறார்கள்.

மாளிகை வாசலில் நிற்கும் தாவீதின் சிலை, மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரையில் ஒரே சலவைக் கல்லில் செதுக்கியதன் பிரதியாகும். மெடிச்சிக் குடும்பத்தாரை 1494-இல் விரட்டிவிட்டுக் குடியரசாக இருந்த பிளாரென்ஸ், அசுரனை வென்ற இளைஞனின் உருவத்தைத் தன் ஆட்சிபீடத்தின் வாசலில் வைத்தது. அதன் பொருள் ஊராருக்கு விளங்கியிருந்தது. 1527-இல் மறுபடியும் மெடிச்சிகளை எதிர்த்துக் கலகம் நடந்தபோது, மாளிகை ஜன்னலிலிருந்து எறிந்த பலகை பட்டுத் தாவீதின் இடக்கை ஒடிந்து பின்னர் பொருத்தப்பட்டது. 1873-இல் அசல் சிலையை அக்காதெமியா கலாசாலைக்கு எடுத்துச் சென்றார்கள். 1910-இல் பழைய இடத்தில் பிரதியை நிறுத்தினார்கள். பக்கத்திலுள்ள திறந்த மண்டபத்தில் செல்லீனியின் பெர்ஸியஸ் முதலிய சிலைகள் இருக்கின்றன. அங்கே வாயிற்காவலும் நுழைவுக் கட்டணமும் இல்லை. படிகளில் கிழவர்கள் அமர்ந்து இளைப்பாறுகிறார்கள்.

அதே சதுக்கத்தின் ஓரத்தில் நகரசபையார் வைத்துள்ள குடிதண்ணீர்க் குழாயில் சாதாரண ஜலமும் வாயு கலந்த ஜலமும் இலவசமாகக் கிடைக்கின்றன. சோடாத் தண்ணீர் ஊர்க் குழாயில் வருகிறதென்பதை நம் புதல்வன் தாவீதைக் காட்டிலும் பெரிய அதிசயமாகக் கருதினான். உணவுக்கு ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தோம். பழைய ரொட்டியைத் தக்காளியுடன் வேக வைத்துத் துளசி இனத்து இலையும் எண்ணெயும் சேர்த்த கூழுக்கு அவ்வூரில் ‘பாப்பா’ என்று பெயர். பெயரைக் கேட்டுக் குழந்தைகள் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் காரணம் தெரியாமலே கலந்துகொண்டார். அவ்வூர் ரொட்டியில் உப்புப் போடுவதில்லை. முதல் கவளத்தில் அது குறையாகத் தெரிந்தாலும், கூழோடு சேர்ந்தபோது ஒத்துப்போயிற்று.

ஒரு மாதரசியின் உடன்படிக்கை

பகல் வெயிலுக்கு உப்பீஸி சித்திரசாலை நல்ல நிழல். உப்பீஸி என்றால் காரியாலயங்கள் என்று பொருள். 1560-இல் கொஸிமோ மெடிச்சி தன் அதிகாரிகளின் காரியாலயங்களுக்காகக் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. அவன் சந்ததியார் அதன் மேல் மாடியில் தங்கள் சித்திரங்களையும் சிலைகளையும் வைத்தார்கள். பொத்திசெல்லியின் ‘வசந்த’த்தையும் ‘வீனஸின் ஜனன’த்தையும் காண அங்கே உலகம் திரண்டு வருகிறது. 

இவையெல்லாம் பிளாரென்ஸில் இன்னும் இருப்பதற்குக் காரணமானவர் சித்திரக்காரருமல்லர், சேனாதிபதியுமல்லர். மெடிச்சிக் குலத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிஸா என்னும் மாதரசியே. அவருடைய சகோதரர் 1737-இல் சந்ததியின்றி இறந்தார். ராஜ்யம் லொரேய்ன் வம்சத்துப் பிரான்சிஸுக்குப் போவதென்று ஐரோப்பிய வல்லரசுகள் முடிவு செய்துவிட்டன. அம்மையாருக்குச் சேனை இல்லை. நாட்டை நிறுத்திக்கொள்ளும் பலமும் இல்லை. ஆனால் குடும்பத்தின் சித்திரங்கள், சிலைகள், நூல்கள், ரத்தினங்கள் யாவும் அவர் வசம் இருந்தன. 1737 அக்டோபர் 31-ஆம் தேதி புதிய அரசருடன் அவர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அப்பொருள்களையெல்லாம் அரசுக்கு ஒப்படைப்பதாகவும், ஆனால் ராஜ்யத்துக்கு அலங்காரமாகவும், பொதுஜனங்களுக்குப் பயனுள்ளவையாகவும், அந்நியரின் ஆவலை ஈர்ப்பவையாகவும் உள்ள எதையும் தலைநகரை விட்டு அகற்றலாகாதென்றும் அதில் விதித்தார். 1743-இல் அவர் காலமானார். 1769-இல் உப்பீஸி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இந்நிபந்தனையின் அருமை, அது இல்லாத ஊர்களைப் பார்த்தால் விளங்கும். மான்துவா நகரத்துக் கொன்ஸாகா வம்சத்தாரின் சித்திரங்கள் 1627-ஐ ஒட்டி இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸுக்கு விற்கப்பட்டு, பின்னர் பல தேசங்களுக்கும் சிதறிப்போயின. மொதெனாப் பிரபுவின் சிறந்த சித்திரங்கள் 1746-இல் ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அவ்வூர்ப் பிள்ளைகள் தங்கள் முன்னோரின் செல்வத்தைப் பார்க்க வேண்டுமானால் டிக்கட்டு வாங்கிக்கொண்டு பிற தேசம் போக வேண்டும். பிளாரென்ஸ் பிள்ளைகள் தெருவைக் கடந்தால் போதும்.

‘வசந்தம்’ என்னும் சித்திரத்தின் முன் நிற்கும் இந்தியருக்கு மற்றொரு விஷயமும் நினைவுக்கு வர வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது உப்பீஸியின் சிறந்த படங்களைப் பாதுகாப்புக்காக நாட்டுப்புற மாளிகைகளில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று நகருக்குத் தென்மேற்கே உள்ள மோன்தெகுபோனி மாளிகை. உப்பீஸியின் நூலகரான செஸாரே பஸோலா, போர் நடந்துகொண்டிருக்கையிலேயே நகரை விட்டு நடந்தே அங்கு சென்று படங்களுக்குக் காவலாகத் தங்கினார். 1944-ஆம் வருஷக் கோடையில் அம்மாளிகைக்கு வந்து சேர்ந்தவர்கள் எட்டாவது இந்திய டிவிஷனைச் சேர்ந்த மராட்டியச் சிப்பாய்கள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படங்களில் ‘வசந்த’மும் இருந்தது. பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே அதைக் காத்து நின்ற கைகளில் நம் தேசத்து உழவர் பிள்ளைகளின் கைகளும் உண்டு. சித்திரத்தின் கீழுள்ள பலகையில் அவர்கள் பெயர் இல்லை. ஆதலால் நாம் சொல்ல வேண்டியதாயிற்று.

சேற்றில் இறங்கிய இளைஞர்கள்

நான்கு மணிக்கு முன்பாக ஸாந்தா க்ரோச்சே ஆலயத்துக்குப் போனோம். மைக்கேலாஞ்சலோ, மாக்கியவெல்லி, கலிலியோ முதலியோரின் சமாதிகள் அங்கே உள்ளன. பூமி சூரியனைச் சுற்றுகிறதென்று சொன்னதற்காகத் தண்டனை பெற்ற கலிலியோ 1642-இல் இறந்தபோது, அவருக்குக் கௌரவமான சமாதி கட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1737-இல்தான் அவர் எலும்புகள் இப்பொழுதுள்ள இடத்துக்கு வந்தன. கவி தாந்தேக்கும் அங்கே ஒரு பெரிய சமாதி இருக்கிறது. ஆனால் அது வெறும் கல். 1302-இல் இவ்வூரார் அவரை நாடு கடத்தினார்கள். 1321-இல் அவர் ராவென்னாவில் இறந்தார். அவ்வூரார் அவர் உடலைத் திருப்பித் தரவே இல்லை. அங்கே அவர் சமாதியில் எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்பும் கடமையைப் பிளாரென்ஸ் ஏற்றிருக்கிறது. பெரியோரை உயிரோடு இருக்கையில் துரத்தி, இறந்த பின் எண்ணெய் வார்ப்பது எல்லாத் தேசங்களிலும் நடப்பதுதான். எண்ணெயாவது தவறாமல் போகிறதே என்பதில் ஆறுதல்.

அவ்வட்டாரத்துச் சுவர்களில், நம் தலைக்கு வெகு உயரத்தில், சிறு பலகைகள் பதித்துக் கோடு கிழித்திருக்கிறார்கள். 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ பெருகியபோது ஜலம் நின்ற மட்டம் அது. எண்ணெயும் சேறும் கலந்த வெள்ளம் ஸாந்தா க்ரோச்சேயில் புகுந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிமபூயே தீட்டிய சிலுவைச் சித்திரத்தின் வர்ணத்தில் பெரும் பகுதியை உரித்துக்கொண்டு போயிற்று. ஞானஸ்நான மண்டபத்தில், கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை உழைத்துச் செய்த வெண்கலக் கதவிலிருந்து தகடுகள் பெயர்ந்து விழுந்தன. பக்கத்திலுள்ள தேசியப் புத்தகசாலையில் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் அமிழ்ந்தன.

அப்பொழுது நடந்ததை இவ்வூரார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியின் பல ஊர்களிலிருந்தும் வெளி தேசங்களிலிருந்தும் மாணவர்கள், எவரும் அழைக்காமலே வந்து சேர்ந்தார்கள். புத்தகசாலையின் நிலவறையிலிருந்து மாடி வரையில் வரிசையாக நின்று, சேறு சொட்டும் ஏடுகளைக் கைக்குக் கை மாற்றி வெளியேற்றினார்கள். ‘சேற்றுத் தேவதூதர்கள்’ என்று ஊரார் அவர்களுக்குப் பெயரிட்டார்கள். சேதமடைந்தவற்றைச் செப்பனிடும் வேலை அத்துடன் முடியவில்லை. வாஸாரி தீட்டிய ‘கடைசி விருந்து’ என்னும் சித்திரம், வெள்ளத்துக்குச் சரியாக ஐம்பது வருஷங்கள் கழித்து, 2016-இல்தான் ஸாந்தா க்ரோச்சேக்குத் திரும்பிற்று. அரை நூற்றாண்டு ஒரு படத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை, அது தன்னுடையது என்று கருதுகிறவனுக்கே வரும். புதல்வியின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்தது.

நதிக்கரையில் ஓர் இந்தியர்

மாலையில் ஆற்றங்கரை வழியாக மேற்கே நடந்தோம். பழைய நகரம் முடிந்ததும், கஷ்ஷீனே என்னும் பெரிய தோட்டம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நதியோரமாக நீண்டு கிடக்கிறது. குழந்தைகளின் கால்கள் ஓய்ந்துவிட்டன. பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்தும், ஐஸ்கிரீம் என்ற லஞ்சம் கொடுத்தும் அவர்களை அழைத்துச் சென்றோம். தோட்டத்தின் கடைசிக் கோடியில், முஞ்ஞோனே என்னும் சிற்றாறு ஆர்னோவுடன் கலக்கும் இடத்தில், இந்திய பாணியில் அமைந்த ஒரு சிறு மண்டபமும், அதனடியில் தலைப்பாகை அணிந்த ஓர் இளைஞரின் வர்ணம் தீட்டிய உருவமும் இருக்கின்றன.

கோலாப்பூர் மகாராஜா இரண்டாம் ராஜாராம் அவர். இங்கிலாந்து சென்று திரும்பும் வழியில் நோயுற்று, 1870 நவம்பர் 30-ஆம் தேதி, இருபதே வயதில் பிளாரென்ஸில் காலமானார். அப்பொழுது இந்நகரம் இத்தாலி ராஜ்யத்தின் தலைநகராக இருந்தது. பிணத்தைத் திறந்த வெளியில் தகனம் செய்வதென்பது அங்கே எவரும் கண்டறியாதது. சட்டமும் இடம் தரவில்லை. ஆயினும் விசேஷ அனுமதி கொடுத்தார்கள். இரண்டு நதிகள் கூடுமிடமே ஹிந்துக்களுக்கு உகந்ததென்பதை ஏற்று, இவ்விடத்தில் சிதை அடுக்க இசைந்தார்கள். 1874-இல் மண்டபம் எழுந்தது. இதையொட்டியே, பக்கத்தில் 1978-இல் முடிந்த பெரிய பாலத்துக்கும் ‘இந்தியரின் பாலம்’ என்று பெயர் வந்தது. தினந்தோறும் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் அப்பெயரைச் சொல்லிக்கொண்டு ஆற்றைக் கடக்கின்றன.

தன் ஊரில் இறந்துபோன ஓர் அந்நிய வாலிபனின் சாம்பல் விழுந்த இடத்தையும் தன் பொறுப்பாகக் கருதி ஒன்றரை நூற்றாண்டு காத்து வந்திருக்கிறது இந்நகரம். குழந்தைகள் ஓசையின்றி அம்மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். ஆற்றின் மேல் அந்தி சிவந்திருந்தது.

இன்றைய அபாயம்

நிற்க. வெடிக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய பிளாரென்ஸுக்கு இப்பொழுது வந்திருக்கும் அபாயம் சத்தமில்லாதது. பழைய நகரத்து வீடுகளை ஊராருக்கு வாடகைக்கு விடுவதைக் காட்டிலும், இரண்டு நாள் மூன்று நாள் தங்கும் யாத்ரிகர்களுக்கு விடுவது வீட்டுக்காரருக்கு மிக லாபம். இதனால் வாடகை ஏறுகிறது. ஆசிரியரும் தச்சரும் நூலகச் சிப்பந்தியும் நகருக்கு வெளியே குடிபோகிறார்கள். காலையில் குழந்தைகள் எண்ணிய கறுப்பு எண் வீடுகள் பலவற்றின் கதவருகே, வரப்போகும் யாத்ரிகருக்காகச் சாவி வைக்கும் சிறு பெட்டிகள் தொங்கக் கண்டோம். எண் கறுப்பு, உள்ளே நடப்பது கடை. 2023 அக்டோபரில் நகரசபை, பழைய நகரத்தில் இத்தகைய குறுகிய கால வாடகை வீடுகள் புதிதாக ஏற்படலாகாதென்று தீர்மானித்தது. வீட்டுக்காரர்கள் தரப்பில் எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. இப்போராட்டம் எளிதில் முடிவதன்று.

யாத்ரிகர் வருவதே தீதென்று நாம் கூற வரவில்லை. அந்நியரின் ஆவலை ஈர்ப்பது அன்னா மரியா லூயிஸாவின் உடன்படிக்கையிலேயே குறித்த நோக்கம்தான். ஆனால் அங்கே அந்நியருக்குக் கொடுத்தது மூன்றாம் இடம். பொதுஜனங்களின் பயன் அதற்கு முன் வருகிறது. மூன்றாவதாக எழுதப்பட்டவர் வந்து இரண்டாவதாக எழுதப்பட்டவரை வீட்டை விட்டு வெளியேற்றுவாரானால், ஒரு சித்திரமும் நகரை விட்டுப் போகாமலே உடன்படிக்கை முறிந்துபோகும். பாலத்தின் கல்லை ஆற்றிலிருந்து எடுத்தவர்களும், சேற்றிலிருந்து புத்தகத்தைத் தூக்கியவர்களும் ஊரில் குடியிருந்த ஜனங்களும் அவர்களை நாடி வந்தவர்களுமே. அடுத்த வெள்ளம் வரும்போது சாவிப் பெட்டிகள் வந்து வரிசையில் நிற்கப்போவதில்லை.

இவ்வளவும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நாம் அன்று கண்ட பதில் இதுதான். கட்டுவித்த பிரபுவுக்கும் சொந்தமன்று, கட்டணம் கொடுத்துப் பார்க்கும் வழிப்போக்கனுக்கும் சொந்தமன்று. கெட்டுப்போனால் துக்கப்பட்டு, தன் கையால் செப்பனிட முன்வருகிறவனுக்கே ஓர் ஊர் சொந்தம். கம்பளித் தொழிலாளிக்கு ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட அச்சொந்தம் பின்னர் எல்லாருக்கும் உரியதாயிற்று; அதை மறுபடியும் சிலருக்கென்று சுருங்க விடாமல் காப்பதே பிளாரென்ஸ் நகரத்தாருக்கு இன்றுள்ள கடமை. நேயர்களும் ஒரு விடுமுறை நாளில் தங்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தங்கள் ஊரின் பழைய தெருக்களில் ஒரு முறை நடந்து வருவார்களாக. அதற்குக் கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இருக்க வேண்டும்.